ஜாவா ஓடும் கைக்கணினிகளும் குட்டி விசைப்பலகைகளும்: சிக்கல் எங்கே இருந்தது?

கட்டைவிரலால் தட்டும் விசைப்பலகையோடு போன்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கின்றன. இன்னொரு பக்கம், ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதிய, இருபது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுகளை இன்றைய தொடுதிரை போனில் ஓடவைக்கும் எமுலேட்டர்களுக்கும் நல்ல வரவேற்பு. அவற்றில் விளையாடிப் பார்க்கும் பலருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது. விளையாட்டு திறக்கிறது, படம் சரியாகத் தெரிகிறது, ஆனால் மெனு பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் சீமென்ஸ், மோட்டோரோலா என்று பழைய நிறுவனங்களின் பெயர்களைக் காட்டி, எந்த விசை முறை வேண்டும் என்று கேட்கிறது.

ஜாவாவில் ஒருமுறை எழுதினால் எந்தக் கருவியிலும் ஓடும் என்றுதானே சொன்னார்கள்? அப்புறம் ஏன் நிறுவனத்துக்கு ஒரு விசை முறை? இதைப் புரிந்துகொள்ள ஜாவா என்ன வாக்குக் கொடுத்தது, எதற்குக் கொடுக்கவே இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கருவியில் ‘ஜாவா ஓடுகிறது’ என்றால் என்ன?

ஜாவாவுக்கு மூன்று பாகங்கள் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் மற்றதெல்லாம் குழம்பும்.

1. மொழி. நிரலாளர் உட்கார்ந்து எழுதுவது இதில்தான்.

2. மெய்நிகர் இயந்திரம். எழுதிய நிரல் ஒரு குறிப்பிட்ட சிப்புக்கான கட்டளையாக நேரே மாறுவதில்லை. பைட்கோடு என்ற இடைநிலை வடிவத்துக்கு மாறுகிறது. ஒவ்வொரு கருவியிலும் இருக்கும் மெய்நிகர் இயந்திரம் அந்தப் பைட்கோடைப் படித்து, அந்தக் கருவியின் சிப்புக்குப் புரியும்படி இயக்குகிறது. சிப் மாறினாலும் நிரல் ஓடுவது இதனால்தான்.

3. நூலகம். திரையில் கோடு போட, கோப்பைத் திறக்க, எந்த விசை அழுத்தப்பட்டது என்று அறிய நிரல் கூப்பிடும் ஆயத்தப் பகுதிகள் இவை.

சிப்புக்குச் சிப் இருக்கும் வேறுபாட்டை இரண்டாவது பாகம் முழுசாக மறைத்துவிடும். விசைப்பலகைக்கு விசைப்பலகை இருக்கும் வேறுபாடு மூன்றாவது பாகத்தின் தலையில் வந்து விழும். இல்லாத விசையை எந்த நூலகத்தாலும் உண்டாக்க முடியாது. பன்னிரண்டு பட்டன் உள்ள போனும் நாற்பது பட்டன் உள்ள கைக்கணினியும் ஒரே நிரலை ஓட்டலாம். ஆனால் அந்த நிரலோடு மனிதர் பேசுகிற வழி இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

முதல் ஜாவா கருவியில் விசைப்பலகையே கிடையாது

1991-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் கிரீன் என்ற திட்டம் தொடங்கியது. அதில் ஜேம்ஸ் காஸ்லிங் உருவாக்கிய மொழிக்கு முதலில் ஓக் என்று பெயர். அது ஓடிய முதல் கருவி 1992-ல் செய்துகாட்டிய ஸ்டார் செவன். கையில் பிடித்துக்கொண்டு, திரையை விரலால் தொட்டு இயக்கும் கருவி அது. அதாவது இன்றைய போனுக்கு மிக நெருக்கமான ஒரு வடிவத்தில்தான் ஜாவாவே பிறந்தது.

அந்தக் கருவி விற்பனைக்கு வரவில்லை. 1995-ல் ஜாவா என்ற பெயரில் மொழி வெளியானபோது அது வலை உலாவிக்கும் மேசைக் கணினிக்கும் உரியதாகிவிட்டிருந்தது. நூலகமும் அதற்கேற்ப வளர்ந்தது. முழு அளவு விசைப்பலகை இருக்கும், சுட்டி இருக்கும், பெரிய திரை இருக்கும் என்று எடுத்துக்கொண்டு வளர்ந்தது. பிறகு கைக்கருவிகளுக்குத் திரும்பி வந்தபோது இந்தப் பழக்கங்களையும் சுமந்துகொண்டே வந்தது.

வந்த வழிகள் மூன்று:

1. மேசைக் கணினி ஜாவாவையே கொஞ்சம் குறைத்துத் தருவது. 1999-ல் வந்த சயான் சீரிஸ் 5எம்எக்ஸ், 2001-ல் வந்த நோக்கியா 9210 கம்யூனிகேட்டர், 2002-ல் வந்த ஷார்ப் ஜாரஸ் எஸ்எல்-5500 ஆகியவை இந்த வகை.

2. சின்னப் போன்களுக்கென்று தனியாக ஒரு ஜாவாவை வகுப்பது. 1999-ல் சன் அறிவித்த ஜே2எம்இ இதுதான்.

3. கருவியின் மென்பொருளைக் கிட்டத்தட்ட முழுவதுமே ஜாவாவில் கட்டுவது. 2002-ல் வந்த பிளாக்பெர்ரி 5810, அதே ஆண்டில் வந்த டேஞ்சர் ஹிப்டாப் இரண்டும் இப்படி.

முதல் வகையின் சங்கடத்தை ஜாரஸ் நன்றாகக் காட்டும். 206 மெகாஹெர்ட்ஸ் சிப், 64 எம்பி நினைவகம், லினக்ஸ் இயங்குதளம், ஜீயோடு என்ற ஜாவா மெய்நிகர் இயந்திரம் என்று உள்ளே சரக்கு நிறையவே இருந்தது. கீழ்ப்பக்க மூடியைச் சறுக்கி இறக்கினால் குட்டி விசைப்பலகை வெளியே வரும். மேசைக் கணினிக்காக எழுதிய சிறு ஜாவா நிரல் ஒன்றை அதில் போட்டால் ஓடும். ஆனால் அந்த நிரல் சுட்டி ஒரு பட்டனின் மேல் நகர்ந்து நிற்பதை எதிர்பார்க்கும். திரையில் குத்தும் பேனாவுக்கு ‘மேலே நிற்பது’ என்ற நிலையே கிடையாது. சுட்டியின் வலது பட்டனை எதிர்பார்க்கும். பேனாவில் அதுவும் இல்லை. இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குவழிகளை எதிர்பார்க்கும். இரண்டு கையிலும் கருவியைத் தாங்கியபடி கட்டைவிரல்களால் அதைச் செய்வது பெரும்பாடு. நிரலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் பயன்படுத்த முடியாது.

சயான் மட்டும் இதில் ஓரளவு தப்பித்தது. அதன் மூடியைத் திறக்கும்போது விசைப்பலகை முன்னால் சறுக்கி வர, திரை அதன் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். சட்டைப்பையில் அடங்கும் கருவிகளில் மேசைமேல் வைத்துப் பல விரல்களால் தட்டச்சு செய்ய முடிந்த சிலவற்றில் அதுவும் ஒன்று.

160 கேபி-க்குள் ஒரு ஜாவா

இரண்டாவது வழிதான் கோடிக்கணக்கான பேரைத் தொட்டது. அதற்காக எவ்வளவு வெட்டினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஜே2எம்இ-யின் அடிப்படைத் தரமான சிஎல்டிசி கேட்ட மொத்த நினைவகம் 160 கேபி. அதில் ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு கேவிஎம் என்று பெயர். கிலோபைட் கணக்கில் அடங்குவதைக் குறிக்கும் கே அது. முதல் பதிப்பில் தசம எண்களுக்கே இடமில்லை. பைட்கோடு பாதுகாப்பானதா என்று சோதிக்கும் கடினமான வேலையில் பெரும்பகுதியை நிரலாளரின் கணினியிலேயே முன்கூட்டி முடித்து, போனுக்குச் சுருக்கமான சரிபார்ப்பை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இதன்மேல் 2000-ல் வந்த தரம் எம்ஐடிபி. திரை குறைந்தது 96-க்கு 54 புள்ளிகள் இருக்க வேண்டும் என்றது. உள்ளீட்டுக்கு அது மூன்று வழிகளைச் சொல்லி, ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றது: ஒரு கையால் இயக்கும் எண் பட்டன்கள், இரு கையால் இயக்கும் எழுத்து விசைப்பலகை, அல்லது தொடுதிரை. அந்த ‘ஏதாவது ஒன்று’ என்ற தளர்விலிருந்துதான் பின்னால் வந்த தலைவலிகளில் பெரும்பாலானவை கிளம்பின. அதற்காகத் தரத்தை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்றைக் கட்டாயமாக்கியிருந்தால் மற்ற இரண்டு வகைக் கருவிகளும் ஜாவாவுக்கு வெளியே நின்றிருக்கும்.

விசையை அழுத்தியதும் உள்ளே நடப்பது

1. விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும்; அவை சந்திக்கும் இடத்தில் ஒரு விசை. 5 வரிசை, 7 நெடுவரிசை என்றால் 12 கம்பிகளில் 35 விசைகள் அடங்கிவிடும். கட்டுப்படுத்தும் சிப் ஒவ்வொரு வரிசைக்கும் மாற்றி மாற்றி மின்குறிப்பு அனுப்பி, எந்த நெடுவரிசையில் அது திரும்பி வருகிறது என்று பார்க்கிறது.

2. உலோகத் தொடுப்பு அழுத்தும் கணத்தில் சில மில்லிவினாடிகள் துள்ளும். அதை ஐந்தாறு அழுத்தங்களாக எண்ணிவிடாமல், அடங்கும்வரை காத்திருந்து ஒன்றாகக் கணக்கிட வேண்டும்.

3. வரிசை, நெடுவரிசை எண்ணை இயங்குதளம் ஒரு அட்டவணையில் பார்த்து விசைக் குறியீடாக மாற்றுகிறது.

4. அந்தக் குறியீட்டை ஜாவா நூலகம் நிரலிடம் ஒரு நிகழ்வாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

முதல் படியிலேயே ஒரு பொறி இருக்கிறது. கம்பிவலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளைச் சேர்ந்தாற்போல் அழுத்தினால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகவே சிப்புக்குத் தெரியும். ஒவ்வொரு விசைக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வைத்தால் இது தீரும். ஆனால் குட்டிக் கருவியில் இடமும் இல்லை, செலவும் கூடும். அதனால் பல போன்கள் ஒரு நேரத்தில் ஒரு விசையை மட்டும் ஏற்றுக்கொண்டன. பழைய விளையாட்டுகளில் ஓடிக்கொண்டே சுட முடியாமல் போனதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

மூன்றாவது, நான்காவது படிகளில்தான் நிறுவனங்கள் பிரிந்தன.

மைனஸ் நான்கு: வலப்பக்கமா, மெனுவா?

எம்ஐடிபி நிரலாளருக்கு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்தது.

முதல் கதவு மேல்நிலை நூலகம். படிவம், பட்டியல், எழுத்துப்பெட்டி போன்றவை இதில் ஆயத்தமாக உண்டு. எந்த விசை என்று நிரல் இங்கே கேட்பதே இல்லை. ‘இது பின்செல்லும் கட்டளை’, ‘இது சரி என்னும் கட்டளை’ என்று நோக்கத்தை மட்டும் சொல்லும். அதை எந்தப் பட்டனில் வைப்பது என்பது போனின் முடிவு. ஒரு போனில் வலது பட்டனுக்குப் போகும், இன்னொன்றில் தனியாக இருக்கும் பின்செல்லும் விசைக்குப் போகும், மூன்றாவதில் பட்டியலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது கதவு கேன்வாஸ். வெறும் திரையைக் கொடுத்து ‘நீயே வரைந்துகொள்’ என்று சொல்வது. இங்கே விசை அழுத்தம் ஒரு எண்ணாக வந்து சேரும். 0 முதல் 9 வரையிலான பட்டன்களுக்கு 48 முதல் 57 வரை, நட்சத்திரத்துக்கு 42, ஹேஷுக்கு 35 என்று தரம் நிலையான எண்களைக் கொடுத்தது. அம்பு விசைகளுக்கு எண் கொடுக்கவில்லை. பதிலாக மேல், கீழ், இடம், வலம், சுடு, மேலும் நான்கு பொதுச் செயல்கள் என ஒன்பதை வகுத்து, ‘கையில் வந்த எண் இவற்றில் எது என்று போனிடமே கேட்டுக்கொள்’ என்றது. நல்ல ஏற்பாடு.

ஆனால் திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கும் இரண்டு மென்விசைகள், அதாவது அப்போதைக்கப்போது வேலை மாறும் பட்டன்கள், தரத்தில் இல்லவே இல்லை. எண்ணும் கிடையாது, செயலும் கிடையாது. மெனுவும் வெளியேறுவதும் மேல்நிலைக் கட்டளைகளாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். விளையாட்டு எழுதியவர்களோ திரை முழுவதையும் தாங்களே வரைய விரும்பினார்கள். மெனுவையும் தங்கள் பாணியிலேயே வரைந்தார்கள். அதற்கு மென்விசைகளின் எண் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய எதிர்மறை எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது:

1. நோக்கியா: இடது மைனஸ் 6, வலது மைனஸ் 7.
2. சீமென்ஸ்: இடது மைனஸ் 1, வலது மைனஸ் 4.
3. மோட்டோரோலாவின் பல மாடல்கள்: இடது மைனஸ் 21, வலது மைனஸ் 22.

இப்போது நோக்கியாவின் அம்பு விசைகளைப் பாருங்கள். மேல் மைனஸ் 1, கீழ் மைனஸ் 2, இடம் மைனஸ் 3, வலம் மைனஸ் 4. நோக்கியாவை மட்டும் மனதில் வைத்து ‘மைனஸ் 4 வந்தால் வீரனை வலப்பக்கம் நகர்த்து’ என்று எழுதிவிட்டால், சீமென்ஸ் போனில் வலது மென்விசையை அழுத்துபவர் வெளியேற நினைத்திருப்பார். வீரன் வலப்பக்கம் ஓடுவான். அம்பை அழுத்தினாலோ எதுவும் நகராது. எமுலேட்டர் இன்றும் பழைய நிறுவனப் பெயரைக் கேட்பது இதற்காகத்தான். அந்தக் கோப்பு எந்தப் போனை நினைத்து எழுதப்பட்டது என்பதை அதனால் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது.

நிரலாளர்கள் இதைச் சமாளித்த வழிகள் எதுவும் சுகமானவை அல்ல. சிலர் போனின் பெயரைக் கேட்டு அட்டவணையில் தேடினார்கள். சிலர் விசையின் பெயரைச் சொல்லும் வசதியை அழைத்து, அதில் ‘சாஃப்ட்’ என்ற எழுத்துகள் வருகிறதா என்று பார்த்தார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மாடலுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகக் கட்டின. நோக்கியாவின் ஆரம்ப சீரிஸ் 40 போன்களில் ஒரு செயலி 64 கேபி-க்குள் அடங்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் விசை அட்டவணையையும் ஒரே கோப்பில் சுமப்பது என்றால் ஒரு படத்தையோ விளையாட்டின் ஒரு கட்டத்தையோ விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கும் ஓட வேண்டிய நிரல் கடைசியில் பல டஜன் கோப்புகளானதில் திரை அளவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே அளவு பங்கு விசைகளுக்கும் உண்டு.

எழுத்து அடிப்பது

விளையாட்டாவது பரவாயில்லை. செய்தி எழுதுவது இன்னும் கடினம். எண் பட்டனில் ‘ஹலோ’ என்ற ஆங்கிலச் சொல்லை அடிக்க 13 அழுத்தங்கள் வேண்டும். நடுவில் இரண்டு ‘எல்’ ஒரே பட்டனில் அடுத்தடுத்து வருவதால் ஒரு நொடி காத்திருக்கவும் வேண்டும். டி9 முறை எழுத்துக்கு ஒரு அழுத்தம் போதும் என்றாக்கி, அகராதியை வைத்து ஊகித்தது. 4663 என்று அடித்தால் குட், ஹோம், கான் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுமே பொருந்தும். எது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜாவா நிரலுக்கு இதில் இன்னொரு தடை. டி9 வசதி போனின் எழுத்துப்பெட்டியோடு கட்டப்பட்டது; கேன்வாஸில் அது கிடைக்காது. அழகாக வரைந்த அரட்டைச் செயலி ஒரு வரி எழுதவேண்டி வந்தால் தன் திரையை விட்டுவிட்டு, போனின் வெள்ளைப் பெட்டியைத் திறந்து, எழுதி முடித்ததும் திரும்பிவர வேண்டும். அந்தக்காலச் செயலிகளில் தட்டச்சு செய்யும்போது திரை சட்டென மாறியதற்குக் காரணம் இதுவே.

பிளாக்பெர்ரி வேறு கோணத்தில் போனது. கனடாவின் வாட்டர்லூவைச் சேர்ந்த ஆர்ஐஎம் நிறுவனம் முழு எழுத்து விசைப்பலகையையே கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியது. மேசைக் கணினியில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். இங்கே அதில் பாதிகூட இல்லை. விரல் விசையைவிட அகலம். அப்படியும் தப்பில்லாமல் அடிக்க முடிந்ததென்றால், அதற்குப் பின்னால் பல நுணுக்கங்கள் இருந்தன:

1. பல மாடல்களில் விசையின் மேற்பரப்பு தட்டையாக இல்லாமல் புடைத்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கும். விரல் நான்கு விசைகள்மேல் பட்டாலும் அழுத்தம் ஒரு முகட்டில்தான் விழும்.

2. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒருமுறை தட்டிவிட்டால் அடுத்த எழுத்துக்கு மட்டும் அது நிற்கும்.

3. எழுத்தை அழுத்திப் பிடித்தால் பெரிய எழுத்து. இடைவெளியை இரண்டு தடவை தட்டினால் முற்றுப்புள்ளி.

இவற்றில் எதையும் ஒவ்வொரு செயலியும் தனியாக எழுதவில்லை. கிட்டத்தட்ட முழு மென்பொருளும் ஜாவாவில் இருந்ததால் இந்த நடத்தைகள் நூலகத்துக்குள்ளேயே இருந்தன. மூன்றாவது பாகத்தைச் சரியாகக் கட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பேன். ஒரே நிறுவனம் விசைப்பலகையையும் நூலகத்தையும் செய்ததால்தான் அது முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அங்கேயும் ஒரு விரிசல் வந்தது. 2004-ல் வந்த 7100 வரிசையில் ஷூர்டைப் என்ற முறை. ஒரு விசையில் இரண்டு எழுத்துகள்: க்யூவும் டபிள்யூவும் ஒன்றாக, ஈயும் ஆரும் ஒன்றாக. அதுவரை ‘ஈ எழுத்து வந்தால் இதைச் செய்’ என்று எழுதியிருந்த செயலிகளுக்கு வந்தது ஈயா, ஆரா என்று தெரியாமல் போனது. கருவியின் விசை அமைப்பு என்ன என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை என்றானது.

ஆண்ட்ராய்டுக்குள் வந்தவை

ஹிப்டாப்பைச் செய்த டேஞ்சர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆண்டி ரூபின். பிறகு ஆண்ட்ராய்டைத் தொடங்கியவர்களிலும் அவர் இருந்தார்; 2005-ல் கூகுள் அதை வாங்கியது. ஆண்ட்ராய்டு ஜாவாவின் முதல் பாகமான மொழியை எடுத்துக்கொண்டது. இரண்டாவது பாகத்துக்குத் தானே டால்விக் என்ற வேறொரு இயந்திரத்தைக் கட்டியது. அது வழக்கமான பைட்கோடை ஓட்டாது. மூன்றாவது பாகத்தில் நூலக அமைப்பின் ஒரு பகுதியை அப்படியே பின்பற்றியது. அந்தப் பகுதிக்காகவும் சில காப்புரிமைகளுக்காகவும், சன்னை வாங்கிய ஆரக்கிள் 2010-ல் வழக்குப் போட்டது. கடைசியில் அந்தப் பகுதியின் சுமார் 11,500 வரிகள் பற்றியதாக நின்ற அந்த வழக்கில் 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1-ல் திரையைத் தள்ளினால் ஐந்து வரிசை விசைப்பலகை வரும். திரையில் தோன்றும் விசைப்பலகை அப்போது ஆண்ட்ராய்டில் இல்லவே இல்லை. அது 2009 ஏப்ரலில் 1.5 பதிப்போடுதான் வந்தது. ஆகவே ஆண்ட்ராய்டின் ஆரம்ப நூலகம் அசல் விசைகளுக்காகவே எழுதப்பட்டது. ஒருமுறை தட்டினால் நிற்கும் ஆல்ட், ஷிஃப்ட் விசைகளைக் கவனிக்கும் பகுதியும், பன்னிரண்டு பட்டன் போனில் மாற்றி மாற்றித் தட்டி எழுதுவதற்கான பகுதியும் அதில் இன்னமும் இருக்கின்றன.

இன்று விசைப்பலகை போன் வாங்குபவரும் செயலி எழுதுபவரும் சந்திக்கும் சிக்கல்கள் இங்கிருந்து வருகின்றன:

1. திரை விசைப்பலகை ஒவ்வொரு எழுத்துக்கும் விசை நிகழ்வை அனுப்பும் என்ற உத்தரவாதம் இல்லை. அது முழுச் சொல்லையே ஒரேயடியாக எழுத்துப்பெட்டிக்குள் வைக்கலாம். விசை நிகழ்வை மட்டும் நம்பி எழுதிய செயலிக்கு அது தெரியாமலே போகும்.

2. தொடுவதை மட்டும் நினைத்து எழுதிய செயலியில் இதன் எதிர்ப்பக்கம். அசல் விசைப்பலகையில் என்டரைத் தட்டினால் செய்தி போகாது. அம்பு விசையால் அடுத்த பெட்டிக்கு நகர முடியாது.

3. விசைப்பலகையைத் திறப்பதும் மூடுவதும், புளூடூத் விசைப்பலகையை இணைப்பதும் ஆண்ட்ராய்டின் கணக்கில் கருவியின் அமைப்பு மாறுவது. செயலி வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, திறந்திருக்கும் திரையை ஆண்ட்ராய்டு அழித்துவிட்டு மறுபடி கட்டும். அந்த நேரத்தில் நிலையைச் சேமித்து வைக்காத செயலியில் பாதியில் இருந்த வேலை போய்விடும்.

கடைசிச் சிக்கலைச் சோதிப்பது எளிது. செயலியில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் புளூடூத் விசைப்பலகையை இணைத்துப் பாருங்கள். நிரப்பியது அப்படியே இருந்தால் எழுதியவர் இதை யோசித்திருக்கிறார். காணாமல் போயிருந்தால், அதே செயலி விசைப்பலகை போனிலும் தொல்லை கொடுக்க வாய்ப்பு அதிகம்.